பரம்பரையாக வந்த காட்டில் பலகைக்கு மரமும் வேண்டும், பறவையும் வேண்டும் என்றால் எதை வெட்டுவது?

இதற்குச் செய்யும் வேலை, கலைத்துவிடுதல். நெருங்கி நிற்கும் மரங்களில் சிலவற்றை மட்டும் எடுத்து, நல்லவற்றுக்கு இடம் விடுவது. பாத்தியில் நெருங்கிய நாற்றைப் பிடுங்குவோமே, அதேதான். நெருக்கத்தில் எல்லாமே வெளிச்சம் தேடி மேலே ஓடும், அடிமரம் பருக்காது. இடம் கிடைத்தால் கிளை விரியும், தண்டு தடிக்கும், பலகைக்கு ஆகும். தரையில் வெயில் விழுந்ததும் புல், பூச்செடி, புதர் முளைக்கும். பூச்சி வரும், பின்னாலேயே பறவையும் வரும். ஆனால் ஒரேயடியாகக் கலைத்தால் மிச்ச மரங்கள் காற்றில் சாய்ந்துவிடும். சில ஆண்டு இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். அப்புறம், கூடு கட்டும் காலத்தில் வெட்டவே வேண்டாம்.

பட்ட மரத்தையெல்லாம் அகற்றினால்தான் காடு சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: மரங்கொத்தி குடைந்த பொந்தில் பின்னால் ஆந்தை குடியேறலாம், எனவே நடைபாதையில் விழும் ஆபத்து இல்லையென்றால் பட்ட மரம் நிற்கட்டும்.