100 மீட்டரில் 60க்குப் பிறகு வேகம் குறைகிறது, அடியை நீட்டி வைக்கலாமா?

நீட்ட வேண்டாம். அதுவே உங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கலாம். பாதம் இடுப்புக்கு வெகு முன்னால் போய் விழுந்தால் தரை உங்களைப் பின்னோக்கித் தள்ளும். ஒவ்வோர் அடியும் ஒரு சின்ன பிரேக்.

70 மீட்டர் அருகே பக்கவாட்டில் நின்று யாரையாவது போனில் ஸ்லோமோஷன் எடுக்கச் சொல்லுங்கள். பாதம் தரையைத் தொடும் அந்த நொடியில் நிறுத்திப் பாருங்கள். குதிகால் முதலில் படுகிறதா, முழங்கால் விறைத்து நீண்டிருக்கிறதா? அப்படியானால் காரணம் அதுதான். பாதத்தை இடுப்புக்குக் கிட்டத்தில் கீழ்நோக்கி அடித்து வைத்துப் பழகுங்கள்.

எதிர்க்காற்றில் ஓடிய நேரத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அப்புறம், கடைசியில் கொஞ்சம் குறைவது எல்லாருக்கும் உண்டு. 2009இல் பெர்லினில் 9.58 விநாடியில் ஓடிய உசைன் போல்ட்டே கடைசி 20 மீட்டரில் சற்று வேகம் குறைந்தார்.