ஆஃபருக்கும் முதல் குளிர்காலத்துக்கும் நடுவே

அம்மா, வணக்கம்.

ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையிலிருந்து மகளுக்கு நர்ஸ் வேலைக்கு ஆஃபர் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இங்கே பார்க்கும் வேலையை உடனே ராஜினாமா செய்துவிட்டு முழுநேர மொழி வகுப்பில் சேரும்படி ஏஜென்சிக்காரர் சொல்கிறார், சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் அம்மா. ஜெர்மன் மொழித் தேர்வு ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாகப் போகும். அதில் ஏ1, ஏ2 இரண்டையும் வேலை பார்த்துக்கொண்டே முடிக்கட்டும். பி1 தேறி, ஒப்பந்தத்திலும் கையெழுத்தான பிறகு, தேவைப்பட்டால் வேலையை விடலாம்.

சில வருடங்களுக்கு முன் இதே கேள்வியோடு ஒரு பெண் என்னிடம் வந்தாள். நன்றாகப் படிக்கிற பெண், ஆறு மாதத்தில் முடித்துவிடுவாள் என்று நம்பி, ராஜினாமா செய்யச் சொன்னேன். பி2 தேர்வில் வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் தேறினாள். கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி மட்டும் இரண்டு முறை கைவிட்டுவிட்டது. அந்த மாதங்கள் முழுக்கச் சம்பளம் இல்லை. அவளுடைய அப்பா வாரம் தவறாமல் போன் செய்வார். ஒரு நாள்கூடக் கோபப்படவில்லை. "ஏதாவது தெரிந்ததா சார்" என்று மட்டும்தான் கேட்பார். அந்தக் குரல் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து பி2 வரை வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்றுதான் இப்போதெல்லாம் எல்லோருக்கும் சொல்கிறேன்.

வேலையைத் தொடர்வதில் இன்னொரு லாபமும் உண்டு. ஜெர்மனியில் நர்ஸ் வேலை அரசு அங்கீகாரம் இருந்தால்தான் செய்யக்கூடிய தொழில். மகள் படித்த பாடத்திட்டத்தை அங்குள்ளதோடு ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு குறைகிறது என்று ஓர் அறிக்கை தருவார்கள். அந்தக் குறையை ஈடுகட்டப் பணி அனுபவத்தையும் கணக்கில் எடுப்பார்கள். எந்த வார்டில், எத்தனை மாதம், என்னென்ன வேலை என்று விவரமாக எழுதிய அனுபவச் சான்றிதழை இப்போதே மருத்துவமனையில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். "இவர் இங்கே பணிபுரிந்தார்" என்ற ஒற்றை வரிச் சான்றிதழால் பெரிய பயன் இல்லை. சான்றிதழ்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் வாங்குவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

அங்கீகாரம் தருவது மாநில அலுவலகம். ஜெர்மனியில் 16 மாநிலங்கள். அதனால் வேறொரு மாநிலத்துக்குப் போன தோழி "என்னிடம் இதையெல்லாம் கேட்கவே இல்லையே" என்று சொன்னால் அதை நம்பி எதையும் விட்டுவிட வேண்டாம். குறை இருக்கிறது என்று அறிக்கை வந்தால் பதற வேண்டியதில்லை. வெளிநாட்டில் படித்த நர்ஸ்களில் பலருக்கும் அப்படித்தான் வரும். அங்கே போய், குறைகிற பகுதிகளைக் கற்றுத்தரும் தகவமைப்புப் பயிற்சியோ, நர்ஸ் வேலைத் திறனைச் சோதிக்கும் அறிவுத் தேர்வோ முடித்தால் முழு அங்கீகாரம் கிடைக்கும். ஆனால் அதுவரை மகள் உதவியாளராகத்தான் வேலை பார்ப்பாள், சம்பளமும் அதற்கேற்பக் குறைவாகவே இருக்கும். ஏஜென்சி காட்டிய தொகை அங்கீகாரத்துக்கு முன்பா, பின்பா? வரி, காப்பீட்டுப் பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு எவ்வளவு வரும்? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது ஒரு பத்திதான். இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் மொழி வகுப்புச் செலவு, விமானச் செலவு எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். தொகை எவ்வளவு, ஒவ்வொரு மாதம் வேலை பார்க்கும்போதும் அது குறைந்துகொண்டு வருமா, மருத்துவமனையே அவளை அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அங்கே சோதனைக் காலம் ஆறு மாதம்வரை இருக்கலாம், அந்தக் காலத்தில் இரண்டு வார நோட்டீஸில் யாரும் யாரையும் விடலாம். அதனால் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் இருக்கக் கூடாது. ஏஜென்சி உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டு நர்ஸ்களை நியாயமாக வேலைக்கு எடுப்பதற்கென்று ஜெர்மனியில் அரசு முத்திரை ஒன்று இருக்கிறது. ஆள் எடுக்கும் செலவை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. உங்கள் ஏஜென்சிக்கோ மருத்துவமனைக்கோ அது உண்டா என்று கேட்பதில் தவறே இல்லை.

விமானப் பயணம் ஒரு நாளில் முடிந்துவிடும். அதைப் பற்றி நீங்கள் எழுதிய அளவுக்குக் கவலை வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், அது போதும். போய் இறங்கியபின் வரும் வாரங்கள்தான் நெருக்கடி. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் தரும் ஒரு தாள் வேண்டும். வரி எண் தபாலில்தான் வரும். வாடகை முன்பணமாக மூன்று மாத வாடகைவரை கேட்கலாம், ஆனால் அதை மூன்று தவணையாகக் கட்ட சட்டம் இடம் தருகிறது. முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும் என்பதால் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் தனியாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். பல நாடுகளில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது எல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர்களோ உதவியாளரோ பார்த்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் அதுவும் நர்ஸ் வேலைதான். ஊசி போட்டு, ஐசியூவில் மானிட்டர் பார்த்துப் பழகிய பெண், முதல் நாள் காலையில் ஒரு முதியவருக்கு முதுகு தேய்த்துவிடும்போது "இதற்காகவா இவ்வளவு படித்தேன்" என்று உடைந்துபோவாள். முன்பே தெரிந்திருந்தால் அந்த அதிர்ச்சி பாதியாகிவிடும். அந்த முதியவரோடு பேசும் பேச்சில்தான் அவளுடைய ஜெர்மன் தேறும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

அப்புறம், குளிர்காலம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். போன புதிதில் எல்லாமே அழகாகத் தெரியும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு நாள் போனில் "திரும்பி வந்துவிடட்டுமா அம்மா" என்று கேட்பாள். அன்றைக்கு உடனே வா என்றும் சொல்லாதீர்கள், தைரியமாக இரு என்று அறிவுரையும் சொல்லாதீர்கள். சாப்பிட்டாளா, இன்றைக்கு யாரோடு பேசினாள் என்று கேளுங்கள். அழுதால் அழவிட்டுக் கூடவே லைனில் இருங்கள். மறுநாளும் அதே நேரத்துக்கு நீங்களே கூப்பிடுங்கள். நான்கைந்து வாரம் கழித்தும் அப்படியே இருந்தால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். காப்பீடு இருக்கும், தயங்க வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது ஒப்பந்தத்தின் நகலைக் கொண்டு வாருங்கள், மகளும் கூட வரட்டும். செலவைத் திருப்பிக் கேட்கும் அந்தப் பத்தியை மூன்று பேரும் சேர்ந்து வரி வரியாகப் படித்துவிடுவோம்.