துருவக் கடலில் பாசி, கிரில், திமிங்கலம் எல்லாம் இருக்கும்போது பாக்டீரியாவுக்கு என்ன வேலை?

பாசியைக் கிரில் என்ற இறால் மாதிரிச் சிற்றுயிர் தின்கிறது, கிரில்லைத் திமிங்கலம் தின்கிறது, அந்தக் குளிரில் பாக்டீரியா உயிரோடு இருந்தால்தான் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். உயிரோடு இருப்பதே பெரிய விஷயம்ங்க, அதிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்குக் காங்கேயம் பக்கம், வீட்டைச் சுற்றிக் கொப்பரைக் களங்கள்தான். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது, அமுச்சி அதைத் திண்ணை வெயிலில் கொண்டுபோய் வைப்பார், ஆனால் அதே அலமாரியில் இருக்கும் கடலை எண்ணெய் எப்போதும் போல ஊற்றும். கடலை எண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு அதிகம், அதனால் குளிரில் சீக்கிரம் இறுகாது. துருவக் கடல் பாக்டீரியாவும் இதைத்தான் செய்கிறது. கடல்நீர் உறையும் மைனஸ் 1.8 டிகிரியிலும் தன் செல் சவ்வு இறுகிவிடாதபடி நிறைவுறாத கொழுப்பைக் கூட்டிக்கொள்கிறது. கடல் பனிக்கட்டிக்குள் உப்புநீர் நிற்கும் மயிரிழை போன்ற சந்துகளில்கூடக் கோல்வெல்லியா, போலாரிபாக்டர் மாதிரி பாக்டீரியா இனங்கள் வாழ்கின்றன.

சரி, வேலைக்கு வருவோம். பாசி வளரும்போதே சர்க்கரையைக் கசியவிடும், கிரில் தின்னும்போது கொஞ்சம் சிந்தும், வைரஸ் தாக்கிய செல் வெடித்து உள்ளே இருந்ததெல்லாம் நீரில் கரையும். கரைந்ததைக் கிரில்லால் பிடித்துத் தின்ன முடியாது. பாக்டீரியா உறிஞ்சிக்கொள்ளும், அதைச் சாட்டை போன்ற இழையுள்ள நுண்ணுயிரி தின்னும், அதை இன்னும் கொஞ்சம் பெரிய ஒருசெல் உயிரி தின்னும், அப்புறம்தான் கிரில்லின் வாய்க்கு வரும். இத்தனை கை மாறுவதால் வழியில் நிறைய அந்தந்த உயிரியின் சுவாசத்திலேயே செலவாகிவிடும், இருந்தாலும் இந்தச் சுற்று இல்லையென்றால் கரைந்தது கரைந்ததுதான். 1983-இல் கடல் நுண்ணுயிர் ஆய்வாளர் பாரூக் ஆசமும் கூட்டாளிகளும் இதற்கு நுண்ணுயிர் வளையம் என்று பெயர் வைத்தார்கள். பாசி ஒளிச்சேர்க்கையில் கட்டிய கார்பனில் 10 முதல் 50 சதவீதம் பாக்டீரியா வழியாகப் போகிறது என்பது அவர்கள் கணக்கு.

துருவத்தில் அந்தப் பங்கு பெரும்பாலும் இதைவிடக் குறைவு. குளிர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. குளிர்ந்த நீரில் அதே வேகத்தில் வளர பாக்டீரியாவுக்குக் கரைந்த உணவு இன்னும் அடர்த்தியாக வேண்டும். அதனால் வசந்தத்தில் பாசி முதலில் பெருகிவிடும், பாக்டீரியா பின்னால் வரும், நடுவில் கிரில்லுக்கு நல்ல வேட்டை.

பாக்டீரியாவின் வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது பி12 என்ற வைட்டமின் விஷயம். அண்டார்க்டிகாவின் ராஸ் கடலில் எடுத்த நீரில் இரும்பு சேர்த்தால் பாசி வளர்ந்தது, இரும்போடு பி12-உம் சேர்த்தபோது இன்னும் கூடுதலாக வளர்ந்தது என்று 2007-இல் வெளியான ஆய்வில் இருக்கிறது. அங்கே பெருகும் டயாட்டம் பாசியால் பி12 செய்ய முடியாது, பாக்டீரியாவும் ஆர்க்கியா என்ற இன்னொரு வகை நுண்ணுயிரியும்தான் செய்ய முடியும். எங்கள் கட்டுத்தரையில் நிற்கும் மாட்டின் பாலில் இருக்கும் பி12-உம் மாடு செய்ததில்லை, அதன் வயிற்றுப் பாக்டீரியா செய்ததுங்க.