கேமராக் கண்ணாடியும் ஏழு கறியும்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் மகன் பிரான்சிலிருந்து தைப்பூசக் காவடிக்கு வந்திருந்தான். கேமரா வைத்த ரே-பான் கண்ணாடி போட்டிருந்தான். விரதம் முடிந்து வாழையிலையில் ஏழு கறி சாப்பிட உட்கார்ந்தபோதும் கழற்றவில்லை. எதிரே இருந்த எனக்கு வாய்க்குக் கை போகவே கூச்சமாக இருந்தது. சொன்னால், "ஊரெல்லாம் போலீஸ் கேமரா இருக்கே அத்தை, அதுக்குக் கூசலையா?" என்று சிரிக்கிறான். நான்தான் பழைய பஞ்சாங்கமா?

ஒரு வாசகி, காட்ர் போர்ன், மொரிஷியஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

பஞ்சாங்கமெல்லாம் இல்லை. 2013இல் கூகுள் 1,500 டாலருக்குக் 'கிளாஸ்' என்ற கேமராக் கண்ணாடியை விட்டபோது, அமெரிக்காவிலேயே சில மதுக்கடைகள் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வராதே என்றன; 2015 ஜனவரியில் பொது விற்பனையையே நிறுத்தினார்கள். ஆனால் அதைப் போட்டவர் தூரத்திலேயே தெரிந்தார், ஒதுங்கிப் போகலாம். இப்போது வருவது பார்க்கச் சாதாரணக் கூலிங் கிளாஸ், வம்பே அங்கேதான்.

கம்பத்துக் கேமராவைப் பார்த்து யாரும் சிரித்துப் பேசுவதில்லை. (அதன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அது வேறு கதை.) போனில் படம் எடுக்கிறவன் கையைத் தூக்கியாக வேண்டும், அதைப் பார்த்ததும் நாம் முந்தானையைச் சரிசெய்வோம், வாயில் இருக்கும் பருப்பை விழுங்குவோம், இல்லையென்றால் "வேண்டாம்ப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அந்த ஒரு நொடியைத்தான் இந்தக் கண்ணாடி பிடுங்கிக்கொள்கிறது. முகம் பார்த்துப் பேசினால் படம் எடுக்கிறானா, கதை கேட்கிறானா என்று தெரியாமல் பேச்சே உலர்ந்துவிடுகிறது. வாட்சில் மெசேஜ் வந்து மணிக்கட்டைத் திருப்பினாலே நாம் சொல்லவந்த கதையைச் சுருக்கிவிடுகிறோம், இது அதற்கும் மேல்.

படம் எடுக்கும்போது கண்ணாடியில் விளக்கு எரியுமே என்பான். 2021இல் இந்த ரே-பானின் முதல் மாடல் வந்தபோது அந்தக் குட்டி விளக்கு போதுமா என்று அயர்லாந்து, இத்தாலி தரவுப் பாதுகாப்பு அமைப்புகளே கேட்டன. 2023 மாடலில் அதைப் பெரிதாக்கினார்கள், மூடினால் படம் எடுக்காதபடியும் செய்தார்கள். சரி, நம்மூர் மத்தியான வெயிலில் அது யார் கண்ணில் படும்? பட்டாலும், அது எதற்கு எரிகிறது என்று பந்தியில் இருக்கும் பாட்டிக்குத் தெரியுமா? நம் மொரிஷியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நம்பாதீர்கள், வீட்டுக்குள் சொந்த உபயோகத்துக்கு எடுப்பது அதன் வரம்பிலேயே வராது.

பார்வை இல்லாதவர்களுக்கு இதே கண்ணாடி எதிரே இருப்பதை வாயால் சொல்கிறது, போர்டைப் படித்துக் காட்டுகிறது. அவர்கள் போட்டு வந்தால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். உங்கள் மருமகனுக்கு அந்தச் சாக்கு இல்லை. படம் பிடிக்கட்டுமா என்று கேட்க வேண்டியது போட்டிருப்பவன் பொறுப்பு, எடுக்கிறாயா என்று நீங்கள் போலீஸ் மாதிரி விசாரிக்கத் தேவையில்லை.

அதனால் அடுத்த காவடிக்கு வந்தால், இலை போடும் முன்பே கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பவர் லென்ஸ் போட்டிருக்கிறேன், கழற்றினால் கண் தெரியாது என்று மழுப்பினால், பிளேன் ஏறும்போதே சாதாரணக் கண்ணாடி ஒன்றையும் எடுத்து வா என்று இப்போதே ஒரு வாட்ஸப் தட்டிவிடுங்கள்.