சிலிண்டருக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது?

கடலுக்கடியில் மூச்சுவிட முதுகில் மாட்டும் ஸ்கூபா காற்றுச் சிலிண்டரில் (டேங்க்) உள்துரு பற்றி வந்த கேள்விகளுக்கு, அதில் காற்று அடைக்கும் கம்ப்ரசர் பக்கத்திலேயே பல வருடம் நின்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, என் ஸ்டீல் டேங்க் கடலுக்கடியில் ஒருநாளும் காலியானதில்லை, காலியானால்தான் தண்ணீர் புகும் என்பார்கள். ஆனாலும் உள்ளே துரு. எப்படி?

கரையில்தான் நுழைந்திருக்கும் தம்பி. டேங்கைக் கழுவி வைக்கிறீர்கள், வால்வு வாயில் ஒரு சொட்டு தங்குகிறது. அப்படியே ஹோஸை மாட்டிக் காற்று அடைத்தால் அந்தச் சொட்டு நேராக உள்ளே போகும். மாட்டுவதற்கு முன் வால்வை ஒரு நொடி 'புஸ்' என்று திறந்து மூட வேண்டும், ஹோஸ் முனையையும் அப்படியே ஊத வேண்டும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான். 200 பாரில் (பார் என்பது அழுத்த அளவு, வெளிக்காற்று சுமார் 1 பார்) உள்ளே ஆக்ஸிஜனின் அழுத்தம் மட்டும் 42 பார், வெளிக்காற்றில் 0.21. அதனால்தான் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர்கூட உள்ளே அவ்வளவு வேகமாக அரிக்கிறது.

கம்ப்ரசர் காற்றிலேயே ஈரம் வருமா?

வராமல் எப்படி? புதுச்சேரி மாதிரி ஊரில் 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர். 12 லிட்டர் டேங்க்கை 200 பாருக்கு அடைக்க 2.4 கனமீட்டர் காற்று வேண்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 58 கிராம், அரை டீ கிளாஸுக்கு மேல், ஒவ்வொரு டேங்குக்கும்! இதை கம்ப்ரசரில் தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரும், ஈரம் உறிஞ்சும் மணிகள் உள்ள ஃபில்டரும்தான் பிடிக்கின்றன. சேர்ந்த தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் வால்வைத் திறக்க மறந்தால், ஃபில்டர் மணிகள் நனைந்து செத்தால், மிச்சம் உங்கள் டேங்கில். காற்று அடைக்கும் இடத்தில் ஃபில்டர் மாற்றிய மணிநேரக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். முறைத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காதே சார்?

செந்துரு வராது, வெள்ளைப் பொடி பூக்கும். அதைவிடத் தொல்லை வால்வு திருகும் கழுத்து மரையில். பித்தளை வால்வும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் மரை இறுகிவிடும். வருடம் ஒருமுறை வால்வைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே எபாக்ஸி பெயின்ட் அடிக்கலாமா?

வேண்டாம். அந்தக் காலத்தில் அடித்துப் பார்த்தார்கள். பூச்சு உரிந்து, அடியில் துரு ஒளிந்துகொண்டது.

சீசன் முடிந்து நாலு மாதம் வைக்கப் போகிறேன். நிரப்பியா, காலியாகவா?

இரண்டும் இல்லை. 20 பார் போல உலர்ந்த காற்று வைத்து, நிற்க வையுங்கள். ஈரம் இருந்தாலும் தடித்த அடிப்பக்கத்தில் தங்கும். படுக்க வைத்தால் மெல்லிய சுவரைத் தின்னும். மறுபடி முங்கும் முன் பழைய காற்றை வெளியேற்றிவிட்டுப் புதிதாக அடையுங்கள். துரு ஆக்ஸிஜனைத் தின்றுதான் வளர்கிறது. மூடிய ஸ்டீல் டேங்கில் உப்புத் தண்ணீரோடு மாதக்கணக்கில் கிடந்த காற்றை மூச்சிழுத்தால் ஆளே மயங்கிவிடலாம்.

கழற்றாமல் கண்டுபிடிக்க வழி?

டேங்கை மெதுவாகச் சாய்த்துக் காதை வையுங்கள், தண்ணீர் இருந்தால் சளசளக்கும். ரெகுலேட்டரின் (டேங்க் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதாவது டேங்க் வால்வில் மாட்டும் பகுதியின் வாயில் இருக்கும் சின்ன ஃபில்டரையும் பாருங்கள். செம்பழுப்பாக இருந்தால் ஸ்டீல் துரு, பச்சையாக இருந்தால் ரெகுலேட்டருக்குள் தண்ணீர், கறுப்பாக இருந்தால் கம்ப்ரசரின் கார்பன் தூள்.