யோகா எங்கே தோன்றியது, எத்தனை வகை? 40 வயதுக்கு மேல் தொடங்கினால் எந்த ஆசனங்கள் செய்யலாம்?

கடைசிக் கேள்விக்காகத்தான் எழுத வந்தேன். ஆனால் யோகா எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் அதற்குப் பதில் வராது.

நான் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்பவன். நாளெல்லாம் கணினிதான். 43 வயதில் முதுகுவலி தாங்காமல் ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாவது வாரம், காலை நீட்டி உட்கார்ந்து குனிகிற பச்சிமோத்தானாசனம். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பயிற்சியாளர் முதுகில் கை வைத்து அழுத்தினார். தொடையின் பின்பக்கம் சுரீர் என்றது. ஒரு மாதம் நொண்டினேன். நெற்றி முழங்காலில் பட்டால்தான் ஆசனம் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

பழைய நூல்களில் அப்படி இல்லை. ஆசனம் என்ற சொல்லுக்கே இருக்கை என்றுதான் பொருள். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் 200-க்குச் சற்றுக் குறைவான சூத்திரங்கள் உண்டு. ஆசனத்துக்கு அவர் ஒதுக்கியது மூன்றே மூன்று. அசையாமலும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்கிறார். ஓர் ஆசனத்தின் பெயர்கூடச் சொல்லவில்லை. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்ற எட்டு உறுப்புகளில் அது மூன்றாவது. மனம் அடங்கி உட்கார உடம்பைப் பழக்கும் படி, அவ்வளவுதான்.

நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டைத்தான் பாடுகிறார். ஓர் உரைநூலைப் பக்கம் பக்கமாக வடிவமைத்தபோதுதான் கவனித்தேன்: பத்திரம், கோமுகம், பங்கயம், வீரம், சுகாதனம் என்று அவர் அடுக்குபவை உட்காரும் நிலைகள். மூச்சை இழுக்க 16, நிறுத்த 64, விட 32 என்று அளவே தருகிறார். (அந்த 64-ஐ ஆசிரியர் இல்லாமல் யாரும் முயல வேண்டாம்.) 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக பிரதீபிகை விவரிக்கும் ஆசனங்களும் 15தான்.

இன்று வகுப்புகளில் பார்க்கிற நின்று, வளைந்து, அடுத்தடுத்துச் செய்யும் பயிற்சிகளில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாக ஊரெங்கும் பரப்பியவர் மகாராஷ்டிரத்தின் ஔந்த் சமஸ்தான மன்னர். 1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் பாடம் நடத்திய கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்றவர்கள்தான், பின்னாளில் பெயர்பெற்ற யோகா ஆசிரியர்களான பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும். கிருஷ்ணமாச்சாரியார் பிற்பாடு சென்னைக்கே வந்துவிட்டார். 1989-இல் நூறு வயதில் மறையும்வரை இங்கேதான் இருந்தார்.

வகைகளைப் பற்றிக் குழம்ப வேண்டாம். கர்மம், பக்தி, ஞானம், ராஜம் என்பவை வாழ்க்கை நெறிகள். உடம்பையும் மூச்சையும் பிடித்துப் போவது ஹடம். வகுப்புகளின் பெயர்ப்பலகைகளில் காணும் ஐயங்கார், பட்டாபி ஜோயிஸின் அஷ்டாங்க வின்யாசம், சிவானந்தர் பெயரிலான சிவானந்தா எல்லாம் ஹடத்துக்குள் பின்னாளில் வகுக்கப்பட்ட முறைகள். (அந்தச் சிவானந்தர் கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடையில் பிறந்து, மலேயாவில் மருத்துவராக இருந்துவிட்டு ரிஷிகேசம் போனவர்.)

இனி ஆசனங்கள். கால் சரியானபின் கிருஷ்ணமாச்சாரியார் மரபில் பயின்ற ஓர் அம்மாவிடம் போனேன். முதல் நாள் தாடாசனம் மட்டும். நேராக நின்று, மூச்சை இழுத்தபடி கையைத் தூக்க வேண்டும். விட்டபடி இறக்க வேண்டும். நான் தூக்கியதைப் பார்த்து, "தம்பி, கை மேலே போயிடுச்சு. மூச்சு இன்னும் பாதி வழியிலதான் நிக்குது" என்றார். கையும் மூச்சும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகச் சேர எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரமும் வேறு எதுவும் சொல்லித்தரவில்லை. உங்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்து வஜ்ராசனம், அதாவது மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காருவது. கணுக்கால் வலித்தால் துண்டைச் சுருட்டி அதன் அடியில் வையுங்கள். முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்தால் இதை விட்டுவிடுங்கள், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாலே போதும்.

குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனத்தில் கையை ஊன்றித் தள்ளி எழும்புவதுதான் பலரும் செய்யும் தவறு. எழும்பிய பிறகு உள்ளங்கைகளைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். நெஞ்சு எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் உங்கள் முதுகின் உயரம். எனக்கு முதலில் நான்கு விரல்கூட இல்லை. கர்ப்பிணிகளும் குடலிறக்கம் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

முடிவில் ஐந்து நிமிடம் சவாசனம், மல்லாந்து படுத்து உடம்பைத் தளர விடுவது. இடுப்பு தரையில் படியாமல் வலித்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. அவசரமாக எழுந்து ஓடாதீர்கள், ஒருக்களித்துப் படுத்து எழுங்கள். தலைகீழாக நிற்கும் சிரசாசனம், தோளில் நிற்கும் சர்வாங்காசனம் பக்கம் முதல் வருடம் போகவே வேண்டாம். ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எப்போதும் வேண்டாம்.

பச்சிமோத்தானாசனத்தை இப்போதும் செய்கிறேன், முழங்காலைச் சற்று மடக்கி. விரல் கணுக்கால் வரைதான் எட்டுகிறது. மூச்சு சீராக இருக்கிறதா என்று மட்டும் அந்த ஆசிரியை அம்மா பார்க்கிறார்.