வாசகர் கேள்விகள்: காலாவதித் தேதி போட்ட சட்டம்

சென்ற இதழில் ஒரு பதிலில், அமெரிக்காவின் ஒட்டுக்கேட்புச் சட்டத்தைப் போகிறபோக்கில் தொட்டிருந்தேன். அதற்கே இத்தனை கடிதங்கள்! சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கே: மாத்திரை அட்டையில் போடுவதுபோல் அமெரிக்காவில் உளவுச் சட்டத்துக்கும் காலாவதித் தேதி போடுகிறார்களாமே, எதற்கு? (வாசகர், திண்டுக்கல்)

ப: அவசரத்தில் செய்த சட்டம் என்பது செய்தவர்களுக்கே தெரியும், அதனால்தான். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து 45 நாளில், உளவு அதிகாரங்களை விரிவாக்கும் பேட்ரியாட் சட்டம் கையெழுத்தாகிவிட்டது. செனட்டில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஒரே ஒருவர், விஸ்கான்சின் மாநிலத்தின் ரஸ் ஃபைன்கோல்டு. ஆதரித்தவர்களுக்கும் உள்ளூர நெருடல் இருந்திருக்கிறது. 16 அதிகாரங்கள் 2005 டிசம்பர் 31-உடன் முடியும் என்று எழுதிவைத்தார்கள். பிறகு தேதி நெருங்கும்போதெல்லாம் அடித்துப் பிடித்து நீட்டிப்பதே வழக்கமாகிவிட்டது. 2011-ல் கெடு முடிய சில நிமிடங்களே இருந்தபோது ஒபாமா பிரான்சில் இருந்தார். அவர் உத்தரவின்பேரில் வாஷிங்டனில் ஓர் இயந்திரம் அவருடைய கையெழுத்தைப் போட்டது!

கே: நீங்கள் நூலகராக இருந்தவர். நூலகத்தில் யார் என்ன படிக்கிறார்கள் என்றுகூடவா உளவு பார்த்தார்கள்? (வாசகி, கும்பகோணம்)

ப: யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன் அம்மா. மாவட்ட நூலகத்தில் புத்தகம் வழங்கும் மேசையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். வீட்டுக்குத் தெரியாதது எங்கள் பதிவேட்டுக்குத் தெரியும். மனைவியிடம் சொல்லாமல் புற்றுநோய் பற்றிப் படித்தவர் உண்டு. சிறப்புத் திருமணச் சட்டப் புத்தகத்தை எடுத்துப்போய், இரண்டாம் நாளே திருப்பித் தந்த கல்லூரிப் பெண்ணும் உண்டு. இதையெல்லாம் எவர் வந்து கேட்டாலும் எடுத்து நீட்டிவிட முடியுமா?

2005 ஜூலையில் கனெக்டிகட் மாநிலம் வின்ட்சரில், இருபதுக்கும் மேற்பட்ட நூலகங்களின் கணினிகளை நிர்வகிக்கும் ஒரு கூட்டமைப்பின் அலுவலகத்துக்கு எஃப்.பி.ஐ.காரர்கள் இருவர் வந்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் குறிப்பிட்ட ஒரு நாள், முக்கால் மணி நேரம், நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர் விவரம் வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். பேட்ரியாட் சட்டம் விரிவாக்கிய அதிகாரம் அது. நீதிபதியின் ஒப்புதல் தேவையில்லை. கடிதம் வந்ததையே வெளியில் சொல்லக்கூடாது என்று வாய்ப்பூட்டு வேறு.

பொறுப்பிலிருந்த நூலகர்கள் நால்வர் தர மறுத்துப் பெயரில்லாமல் வழக்குப் போட்டார்கள். பிரிட்ஜ்போர்ட் நீதிமன்றத்தில் அவர்களுடைய வழக்கு நடக்கிறது. அவர்களோ ஹார்ட்ஃபோர்டில் பூட்டிய அறையில் உட்கார்ந்து அதை டி.வி.யில் பார்க்கிறார்கள். நேரில் போனால் அடையாளம் தெரிந்துவிடுமாம். வாய்ப்பூட்டு செல்லாது என்று செப்டம்பரில் நீதிபதி சொல்லியும், அரசு மேல்முறையீட்டுக்குப் போனதால் பூட்டு கழலவில்லை.

அந்த மாதங்களில்தான் வாஷிங்டனில் சட்டத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று விவாதம். நூலகர்கள் ஆதாரமில்லாமல் பீதி கிளப்புகிறார்கள் என்று 2003-லேயே கேலி செய்திருந்தார் அன்றைய அட்டர்னி ஜெனரல் (நீதித்துறைத் தலைவர்) ஜான் ஆஷ்கிராஃப்ட். ஆதாரம் வைத்திருந்த நால்வர் வாய் திறந்தால் குற்றம். 2006 மார்ச் 9-ல் புஷ் நீட்டிப்பில் கையெழுத்திட்டார். வாய்ப்பூட்டுக்கான வழக்காட்டத்தை ஏப்ரலில் அரசு கைவிட்டது. ஜூனில் கடிதத்தையே வாபஸ் வாங்கிக்கொண்டது. சாட்சியின் வாயைக் கட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதியதாகத்தான் எனக்குப் படுகிறது. காலாவதித் தேதி வந்ததும் உட்கார்ந்து பேசுகிறார்களே, அது நல்ல ஏற்பாடு. ஆனால் தெரிந்தவர்கள் பேச முடியாத இடத்தில் என்ன பேச்சு?

கே: குண்டு வெடிக்காமல் தடுக்க முடிந்தால் கொஞ்சம் அந்தரங்கம் போனால்தான் என்ன? (வாசகர், கோவை)

ப: நியாயமான கேள்வி. தடுத்ததா என்று பார்ப்போம். பேட்ரியாட் சட்டத்தின் 215-ம் பிரிவைக் காட்டி, அமெரிக்கர்கள் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் போன் செய்தார்கள் என்ற பதிவுகளை மொத்தமாக அள்ளியது என்.எஸ்.ஏ. என்ற தேசியப் பாதுகாப்பு முகமை. அந்த முகமைக்காக வேலை பார்த்த ஸ்னோடன் 2013 ஜூனில் அதை அம்பலப்படுத்தியதும், கண்காணிப்புத் திட்டங்கள் 54 சதிகளில் உதவின என்றார்கள் அதிகாரிகள். துருவிக் கேட்கக் கேட்க, போன் பதிவுகளால் பிடித்ததாகக் காட்ட முடிந்தது ஒரே வழக்கு: சோமாலியாவின் அல்-ஷபாப் தீவிரவாத அமைப்புக்கு ஏறத்தாழ 8,500 டாலர் அனுப்பிய சான் டியாகோ டாக்சி ஓட்டுநர். அமெரிக்காவுக்கு எதிரான அச்சுறுத்தல் எதிலும் அந்தத் திட்டம் முடிவை மாற்றியதாகத் தெரியவில்லை என்று அரசே அமைத்த மேற்பார்வைக் குழு 2014 ஜனவரியில் எழுதியது.

வெளிநாட்டவரின் மின்னஞ்சல், போன் பேச்சுகளைச் சேகரிக்க இடம்தரும் வேறொரு சட்டத்தின் (ஃபைசா எனும் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம்) 702-ம் பிரிவு அப்படியல்ல. 2009-ல் நியூயார்க் சுரங்க ரயிலில் குண்டு வைக்கத் திட்டமிட்ட நஜிபுல்லா ஜாஸி சிக்கியதற்கு அது உதவியதாக அதே குழு ஒப்புக்கொண்டது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத் திட்டுவது எனக்கும் உடன்பாடில்லை.

கே: என் ஜிமெயிலை அவர்கள் படிக்க முடியுமா? பெயரை வெளியிட வேண்டாம். (சென்னை)

ப: வெளியிடவில்லை! 702-ம் பிரிவே வெளிநாட்டில் உள்ள, அமெரிக்கர் அல்லாதவர்களுக்காகத்தான். வெளிநாட்டு உளவுத் தகவல் என்று அவர்கள் கருதினால் போதும், தனி வாரன்ட் தேவையில்லை. அப்படிச் சேர்த்த குவியலில் அமெரிக்கர் ஒருவரைத் தேட வாரன்ட் வேண்டும் என்ற திருத்தம் 2024 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் 212-க்கு 212 என்று சமமாகித் தோற்றது. சட்டம் 2 ஆண்டுகளுக்கு நீண்டது. அந்தச் சண்டை முழுக்க அவர்கள் குடிமக்களுக்காக. சென்னைக்காரருக்காக ஒரு ஓட்டும் விழவில்லை.

கே: நம் ஊரில் இப்படித் தேதி உண்டா? (வாசகர், நெல்லை)

ப: தடா சட்டத்துக்கு இருந்தது, நீட்டித்து நீட்டித்து 1995-ல் காலாவதியாக விட்டார்கள். போன் ஒட்டுக்கேட்க 1885 தந்திச் சட்டம் தந்த அதிகாரத்துக்குக் கிடையாது. தனித்தனி உத்தரவுக்கு மட்டும் 60 நாள், நீட்டித்தால் மொத்தம் 180 நாள் என்று உச்சவரம்பு.

கே: அமெரிக்காவில் ஒருமுறையாவது நீட்டிக்காமல் விட்டார்களா? (மாணவி, சேலம்)

ப: விட்டார்கள். 215-ம் பிரிவின் விரிவான அதிகாரம் 2020 மார்ச் 15-ல் காலாவதியானது, அதன்பின் புதுப்பிக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே தொடங்கிய விசாரணைகளுக்கு அது செல்லும் என்று சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது.